மலச் சோதனையா, ஸ்கோப்பா, ரத்தப் பரிசோதனையா? அப்பாவுக்குப் புற்று வந்தபின் எங்கள் வீட்டில் எடுத்த முடிவு

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்று என்று தெரிந்தபோது அவருக்கு வயது 59. அதற்கு முந்தைய எட்டு மாதமும் மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் மூலம் என்று சொல்லி, போகும்போதெல்லாம் களிம்பும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். லாரியில் உட்கார்ந்தே இருப்பதால் வந்த சூடு என்று அப்பாவும் நம்பிவிட்டார். கடைசியில் கண்டுபிடித்தபோது மூன்றாம் நிலை. அறுவை, கீமோ எல்லாம் முடிந்து நான்கு வருடம் ஓடிவிட்டது. இப்போது காலையில் பினாங்கின் ஜெலுத்தோங் சந்தைக்கு நடந்தே போய் மீன் வாங்கி வருகிறார்.

இந்த வருடம் அண்ணனுக்கு 40 நிறைந்தது. பிறந்தநாள் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது பேச்சு அங்கே வந்து நின்றது. அண்ணன் ஒரு தனியார் மருத்துவமனையில் கொலோனோஸ்கோப்பிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் ஸ்கோப்புக்கு, விலை கேட்டு வைத்திருந்தார். மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் குறைவு. அண்ணி ரத்தப் பரிசோதனைப் பேக்கேஜ் ஒன்றின் தாளை எடுத்து வைத்தார். அதில் ஐந்து 'புற்றுநோய் மார்க்கர்' சேர்த்தி. சித்தப்பா, கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த மலச் சோதனைக் குப்பியை இரண்டு மாதமாக வீட்டில் அப்படியே வைத்திருப்பதாகச் சொன்னார். மாமா எதுவும் வேண்டாம் என்றார். "நீதானே லேப்ல வேலை செய்ற, எது நல்லதுன்னு நீயே சொல்லும்மா" என்று என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

நான் பதினான்கு வருடமாக நோய்க்குறிச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சாம்பிளை ஓட்டி எண்ணைச் சொல்வது என் வேலை. யாருக்கு எந்தச் சோதனை என்பது வேறு கேள்வி, அதற்கு உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வாரம் படித்தேன், எனக்குத் தெரிந்த ஒரு குடல் நோய் நிபுணரிடமும் கேட்டேன். அந்தப் பதில்தான் இது. எங்களைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் வீடு பினாங்கில் இன்னும் பல இருக்கும்.

சோதனைகளுக்கு முன்னால் இந்த நோய் எப்படி வளர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெருங்குடல் புற்று பெரும்பாலும் ஒரு சின்னப் பாலிப்பாகத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் காளான் மொட்டு மாதிரி ஒரு தடிப்பு. 1990இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எரிக் ஃபியரானும் பெர்ட் வோகல்ஸ்டைனும் இந்த வளர்ச்சியை மரபணு மாற்றங்களின் வரிசையாக விளக்கினார்கள். ஏபிசி என்ற மரபணு பழுதானால் செல்களின் பெருக்கத்துக்குப் போட்டிருந்த கடிவாளம் கழன்று சிறு பாலிப் உண்டாகிறது. கேராஸ் மாறினால் அது பெருக்கிறது. டிபி53 போன்ற காவல் மரபணுக்களும் போனால்தான் புற்றாகிறது. எல்லாருக்கும் இதே வரிசை என்றில்லை, வேறு பாதைகளும் உண்டு. ஆனாலும் ஒரே நாளில் வருவதல்ல, படிப்படியாக வருவது என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது.

என்னை உட்கார வைத்தது 2008இல் வந்த இன்னோர் ஆய்வு. வோகல்ஸ்டைன் குழுவினர், ஒரே நோயாளியின் பாலிப், புற்று, பரவிய கட்டி ஆகியவற்றின் மரபணு மாற்றங்களை எண்ணி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை வருடம் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பெரிய பாலிப் ஒன்று முற்றிய புற்றாக மாற ஏறக்குறைய 17 வருடம். அந்தப் புற்றுச் செல்கள் வேறு உறுப்புக்குப் பரவும் திறனைப் பெற இரண்டு வருடத்துக்கும் குறைவு.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் குடலில் அந்தப் பாலிப் அவருடைய நாற்பதுகளில், நாங்கள் இடைநிலைப் பள்ளியில் படித்த காலத்தில், உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். கடைசி எட்டு மாதத்தை நாங்கள் களிம்பில் தொலைத்தோம். அதற்கு முன்னால் தொலைத்தது பெரிய காலம், அது தெரியாமலே போய்விட்டது.

ஆக, ஒரு சோதனை நல்லதா என்று கேட்கும்போது நான் பார்ப்பது இரண்டு. அந்த நீண்ட காலத்துக்குள், பாலிப்பாக இருக்கும்போதே பிடிக்கிறதா? ஒரு தடவை தவறவிட்டால் மறுபடி பிடிக்க வாய்ப்புத் தருகிறதா?

அண்ணி கொண்டுவந்த ரத்தப் பேக்கேஜை முதலில் முடித்துவிடுகிறேன். குடலுக்கென்று அதில் இருப்பது சிஇஏ என்ற புரதம். 1965இல் கனடாவின் மாண்ட்ரியலில் கண்டுபிடித்தார்கள். புற்றுக்கு அறுவை செய்தபின் திரும்ப வருகிறதா என்று கவனிக்க அது நல்ல கருவி. அப்பாவுக்கும் அதைத்தான் எடுக்கிறோம், எண் வரும் வரைக்கும் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் நோய் உண்டா இல்லையா என்று புதிதாகத் தேடுவதற்கு அது உதவாது. ஆரம்ப நிலைப் புற்று உள்ளவர்களில் பலருக்கு அளவு இயல்பாகவே இருக்கும். புகைபிடிப்பவர்களுக்குப் புற்று இல்லாமலே ஏறும். பாலிப்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாக வந்ததும் நிம்மதியாகி, செய்ய வேண்டிய சோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணியிடம் நேராகவே சொன்னேன்: "அண்ணி, அந்தக் காசை அண்ணனோட ஸ்கோப்புக்கு வைங்க."

ரத்தத்தில் புற்றின் டிஎன்ஏவைத் தேடும் புதிய சோதனைகள் வேறு. அவற்றில் ஒன்றுக்கு 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. ஆய்வில் புற்று இருந்தவர்களில் 83 விழுக்காட்டினரை அது கண்டுபிடித்தது. புற்றாகும் நிலையில் இருந்த பெரிய பாலிப்புகளில் கண்டுபிடித்தது 13 விழுக்காடுதான். 17 வருட அவகாசத்தைப் பயன்படுத்த நினைக்கிற எங்களுக்கு இந்த இரண்டாவது எண் போதாது.

மிச்சம் இருப்பவை இரண்டு. இங்கேதான் உண்மையான போட்டி.

மலச் சோதனையை இங்கே ஐஎஃப்ஓபிடி என்கிறார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. 50 முதல் 75 வயது வரை அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். பழைய வகைச் சோதனையில் ஆட்டிறைச்சி சாப்பிட்டாலும் தப்பாகக் காட்டும் என்று மூன்று நாள் பத்தியம் சொல்வார்கள். இப்போதையது மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கிறது, சாப்பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது. வீட்டிலேயே குச்சியால் நான்கைந்து இடத்தில் தொட்டுக் குப்பியில் போட்டு மூடினால் முடிந்தது. கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பழைய வகையாக இருந்தபோதே இது உயிரைக் காப்பாற்றியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 1993இல் வந்தது. வருடா வருடம் சோதித்தவர்களிடையே பெருங்குடல் புற்றால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 30 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் மாறவில்லை.

குறையும் உண்டு. பத்தாயிரம் பேரை வைத்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்தப் புதிய மலச் சோதனை ஒரே தடவையில் புற்றைப் பிடித்தது 74 விழுக்காடு. பெரிய பாலிப்பைப் பிடித்தது 24 விழுக்காடுதான். எல்லாப் பாலிப்பும் எல்லா நாளும் ரத்தம் கசிவதில்லை; தட்டையாகப் படர்ந்திருக்கும் சில வகை கசிவதே அபூர்வம். ஒரே ஒரு தடவை செய்துவிட்டு 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று இருந்தால் நான்கில் மூன்று பாலிப்பைக் கோட்டை விட்டிருப்போம். ஆனால் பாலிப் மெதுவாகத்தானே வளர்கிறது? இந்த வருடம் கசியாதது, பெருத்தபின் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கசியும். மலச் சோதனையின் பலம் அதைத் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது. வருடக்கணக்கில் விடாமல் செய்தால்தான் அது முழுச் சோதனை. சித்தப்பா இரண்டு மாதமாக அலமாரியில் வைத்திருந்ததைச் சோதனை என்றே சொல்ல முடியாது.

சோதனைக்கூடத்தில் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் வெயிலில் சிதைந்துவிடும். மத்தியானம் காரில் வைத்துவிட்டுச் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தால், இருக்கிற ரத்தமும் இல்லையென்று வரலாம். எடுத்த அன்றே கொடுங்கள், முடியாவிட்டால் உறையில் நன்றாகச் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நம்மூர் வெயிலுக்கு இது முக்கியம்.

ஸ்கோப்புக்கு வருவோம். நேரே பார்க்கிறது, பார்த்த இடத்திலேயே பாலிப்பைக் கம்பிச் சுருக்கால் வெட்டி எடுத்தும் விடுகிறது. மற்ற எந்தச் சோதனைக்கும் இல்லாத குணம் இது. நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல் வரவிடாமலே செய்கிறது. பாலிப்புகளை எடுத்துவிட்டால் பிறகு புற்று வருவது பெருமளவு குறைகிறது என்று அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வு 1993இல் காட்டியது. ஒன்றும் இல்லையென்றால், சராசரி அபாயம் உள்ளவர்கள் பத்து வருடம் கழித்து வந்தால் போதும்.

கஷ்டம் முந்தைய நாளில் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் கீரை, விதை, பருப்பு, நார்ச்சத்து எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம், வெள்ளை இடியாப்பம் என்று ஓட்ட வேண்டும். அப்புறம் வயிற்றைக் கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். அதை அரைகுறையாகக் குடித்துவிட்டுப் போனால் பாலிப் அழுக்குக்குள் மறைந்துவிடும், செலவழித்த காசும் வீண். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் அந்த நாட்களுக்கு அளவை மாற்றுவது பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, ஆகவே நம் வீடுகளில் இது யாருக்காவது பொருந்தியே தீரும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பும் ஓரளவு கூடுதல். குடலில் ஓட்டை விழும் ஆபத்து பத்தாயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு. சின்ன எண்தான், ஆனால் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

செய்கிற கையும் முக்கியம். அமெரிக்காவில் 136 நிபுணர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கோப்புகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. பாலிப்பை அதிகம் கண்டுபிடிக்கிற மருத்துவரிடம் போனவர்களுக்குப் பின்னாளில் புற்று வருவது குறைவு என்று அதில் தெரிந்தது. நூறு ஸ்கோப்பில் எத்தனை பேருக்கு அடினோமா (புற்றாக மாறக்கூடிய பாலிப்) கண்டுபிடிக்கிறார் என்ற கணக்கை நல்ல நிபுணர்கள் வைத்திருப்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. அண்ணன் கேட்டார், டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொன்னார்.

சரி, இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால்? ஸ்பெயினில் 57,000 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரே ஒரு ஸ்கோப், மறுபாதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலச் சோதனை. 2025இல் வந்த பத்து வருட முடிவில், பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள் ஸ்கோப் பக்கம் 0.22 விழுக்காடு, மலச் சோதனைப் பக்கம் 0.24 விழுக்காடு. ஏறக்குறையச் சமம். ஸ்கோப் இவ்வளவு கூர்மையானது, பிறகு ஏன் சமம்? மலச் சோதனைக்கு 40 விழுக்காட்டினர் வந்தார்கள், ஸ்கோப்புக்கு வந்தது 32 விழுக்காடுதான். போலந்து, நார்வே, சுவீடனில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்விலும் ஸ்கோப்புக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரே செய்துகொண்டார்கள். எவ்வளவு நல்ல சோதனையானாலும் ஆள் வந்தால்தானே?

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'எல்லாருக்கும் மலச் சோதனையே போதும்' என்று முடித்திருப்பேன். நிபுணர் தடுத்தார். நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கோ, 60 வயதுக்கு முன்னால் ஒருவருக்கோ பெருங்குடல் புற்று வந்தவர்களை அந்த ஸ்பெயின் ஆய்வில் சேர்க்கவில்லை. எங்கள் வீடு அந்தக் கணக்கில் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளை என்ற நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன்னால் பெருங்குடல் புற்று வந்திருந்தால் மற்றவர்களுக்குச் சோதனை ஸ்கோப்தான் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 40 வயதில், அல்லது நோயாளிக்கு எந்த வயதில் வந்ததோ அதற்குப் பத்து வருடம் முன்னால், எது முந்தியதோ அப்போது தொடங்கி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அப்பாவுக்கு 59, பத்தைக் கழித்தால் 49. முந்தியது 40. அண்ணனுக்கு இந்த வருடமே நேரம் வந்துவிட்டது.

எனக்கு 37. நானும் உடனே செய்துகொள்ள வேண்டும் என்றுதான் மனம் துடித்தது, தம்பியும் அதையே கேட்டான். அவனுக்கு 33. நிபுணர் எங்கள் இரண்டு பேரையும் காத்திருக்கச் சொன்னார், காரணத்தையும் விளக்கினார். குடும்பத்தில் பல பேருக்கு, அதுவும் 50 வயதுக்கு முன்பே, பெருங்குடல் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ வந்திருந்தால் கதையே வேறு. அது பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்த்தொகுதியாக இருக்கலாம். அங்கே பாலிப் ஓரிரு வருடத்திலேயே புற்றாகிவிடும், அதனால் மரபணுச் சோதனை செய்து இருபதுகளிலேயே ஸ்கோப் தொடங்க வேண்டும். எங்கள் பரம்பரையில் தாத்தா வரை விசாரித்தேன். அப்படி யாரும் இல்லை, ஆகவே காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கும் காலத்தில் மலத்தில் ரத்தம், மலம் போகும் பழக்கத்தில் மாற்றம், காரணம் தெரியாத ரத்தசோகை, இந்த மூன்றில் எது வந்தாலும் வயதைப் பார்க்காமல் போக வேண்டும். மூலம் என்று சொன்னாலும் 'ஸ்கோப் வேண்டாமா டாக்டர்?' என்று நான் கேட்பேன். அப்பாவுக்காக அதை ஒருவரும் கேட்கவில்லை, லேப்பில் இருந்த நானும் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்கு 58. அப்பாவின் உடன்பிறந்தவர், அதனால் அவருக்கும் ஸ்கோப்தான் முதல் தேர்வு. அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "உள்ள குழாய் விடுறதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன்மா." வற்புறுத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் இப்படிப்பட்ட உறவினர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்து 2014இல் வந்திருக்கிறது. மூன்று வருடம் தொடர்ந்து, வருடத்துக்கு ஒருமுறை மலச் சோதனை செய்ததில் இருந்த புற்றுகள் எல்லாம் பிடிபட்டன. பெரிய பாலிப்புகளில் 61 விழுக்காடு பிடிபட்டது. பாலிப்பில் தவறுவது 39 விழுக்காடு, அது சின்ன எண் இல்லை. ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால்? ஸ்கோப்பை மறுப்பவர்களுக்கு வருடாந்திர மலச் சோதனை என்றுதான் வழிகாட்டுதலும் சொல்கிறது. 'இரண்டு வருடம் ஒருமுறை கிடையாது சித்தப்பா, வருடா வருடம்' என்று பேசி முடித்தோம். ரத்தம் உண்டு என்று வந்தால் ஸ்கோப்புக்குச் சம்மதிப்பதாகச் சித்தியின் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அந்த வாக்கு இல்லாவிட்டால் மலச் சோதனைக்குப் பொருளே இல்லை. 'உண்டு' என்று வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்று இருக்காது, அதற்காகப் பயந்து ஒளியவும் கூடாது. அமெரிக்காவில் அப்படி வந்த 70,000 பேரைப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்பது மாதத்துக்குள் ஸ்கோப் செய்தவர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. பத்து மாதத்தைத் தாண்டியவர்களுக்குப் புற்றும் முற்றிய நிலையும் கூடின. இங்கே அரசு மருத்துவமனையில் நிபுணர் கிளினிக்குக்கு 5 ரிங்கிட்தான், ஆனால் வரிசை நீளம். தேதி தள்ளிப்போனால் மறுபடி போய்க் கேளுங்கள், சோதனை முடிவின் நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் சுலபம். அம்மா வழியில் யாருக்கும் இந்த நோய் இல்லை, இருவரும் 50ஐத் தாண்டியவர்கள், அறிகுறி இல்லை. கிளினிக் கெசிஹாத்தானின் மலச் சோதனை போதும். மாமா முதலில் "சீனர்களுக்குத்தானே அது அதிகம்" என்றார். மலேசியாவில் மூன்று இனத்தில் அவர்களுக்கு அதிகம் என்பது உண்மை. அதற்காக நமக்கு இல்லையென்று ஆகாது, அப்பாவே எதிரில் உட்கார்ந்திருந்தார். இந்நாட்டில் பெருங்குடல் புற்று கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்றாம் நான்காம் நிலையில்தான் வருகிறார்கள் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கையிலிருந்து எடுத்துச் சொன்னேன். அமெரிக்கக் கணக்கில், பரவாத நிலையில் கண்டுபிடித்தால் நூறில் 90 பேர் ஐந்து வருடத்தைக் கடக்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவியபின் கடப்பவர்கள் சுமார் 15 பேர். மாமா அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் அம்மாவோடு போய்க் குப்பி வாங்கி வந்தார்.

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடுகளில் நடந்தவை, நம் உடம்புக்கு அப்படியே பொருந்துமா என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பாலிப் வளரும் விதம் எல்லா மனிதருக்கும் அடிப்படையில் ஒன்றுதான், ஆனால் யாருக்கு எத்தனை வேகம் என்பதில் உணவு, சர்க்கரை, உடல் பருமன், மரபு எல்லாம் விளையாடும். அதை அறிய நம்மிடமிருந்தே ஆள் வேண்டும். கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு உயிரியல் கழகம் 'மலேசியன் கோஹோர்ட்' என்ற திட்டத்தில் 35 முதல் 70 வயது வரையுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்ற இனத்தவரைச் சேர்த்து, ரத்தம் சேமித்து, யாருக்கு எந்த நோய் எப்போது வருகிறது என்று பின்தொடர்ந்து வருகிறது. அப்படிப்பட்ட ஆய்வுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஒரு குப்பி ரத்தம் கொடுத்து, கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் போதும்.

அண்ணனுக்கு அடுத்த மாதம் 9ஆம் தேதி ஸ்கோப். மயக்க ஊசி போடுவதால் அவர் வண்டி ஓட்டக்கூடாது, அப்பாதான் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பாவின் குப்பி போன செவ்வாய்க்கிழமை காலையிலேயே கிளினிக்குக்குப் போய்விட்டது. அடுத்த வருடத் தேதியை அவர் வீட்டு நாட்காட்டியின் கடைசித் தாளில் சிவப்பு மையால் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.